சதுரங்க ஆட்டத்தில் ஒளிந்திருந்த ரகசியச் சொல்!

அமெரிக்க நிபுணர் கென் தாம்சன், தம் கம்ப்யூட்டர் கணக்குக்கு 8 எழுத்தில் ஒரு ரகசியச் சொல் வைத்திருந்தார். சுமார் 40 ஆண்டுகள் கழித்து, 2019-ல் அது அம்பலமாகிவிட்டது!

அது ஒரு சதுரங்க ஆட்டம். ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை 2 கட்டம் தள்ளுவது!

தாம்சன் சாமானியர் அல்ல. 1969-ல் டென்னிஸ் ரிச்சி முதலியவர்களுடன் "யுனிக்ஸ்" முறையை உருவாக்கியவர். அவருடைய ரகசியம் எப்படி வெளியானது?

ஒரு வரி, 7 பகுதி

யுனிக்ஸ் கம்ப்யூட்டரில் ஒரு பதிவேடு உண்டு. பள்ளிக்கூடப் பதிவேடு போல, ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் 7 பகுதிகள்.

முதலாவது, பெயர். 2-வது, ரகசியச் சொல். 3-வது, அவருடைய எண். 4-வது, அவர் சேர்ந்த குழுவின் எண். 5-வது, முழுப்பெயர் முதலிய விவரம். 6-வது, அவருடைய பைல்கள் இருக்கும் இடம். இதற்கு "வீடு" என்று பெயர். 7-வது, அவர் உள்ளே வந்ததும் கட்டளை கேட்க நிற்கும் புரோகிராம்.

எண்தான் எஜமான்!

கம்ப்யூட்டர் ஆளின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கும். எண் 0 என்றால், அவருக்கே சகல அதிகாரமும்! பதிவேட்டைத் திருத்தவும் அவரால்தான் முடியும்.

ஆனால், படிக்க எல்லோராலும் முடியும். காரணம் உண்டு. ஒரு பைல் யாருடையது என்பது எண்ணாகவே பதிவாகிறது. அதைப் பெயராக மாற்றிக் காட்ட இந்தப் பதிவேடு வேண்டும்.

வந்தது ஆபத்து

ரகசியச் சொல் அப்படியே எழுதப்படவில்லை. உருமாற்றித்தான் எழுதப்பட்டது. அதைத் திருப்பிப் படிக்க வழியில்லை.

ஆனால், ஊகிக்கலாமே! ஒரு சொல்லை அதேபோல் உருமாற்றி, பதிவேட்டுடன் ஒப்பிட்டால் போதும். 1979-ல் தாம்சனும் ராபர்ட் மாரிசும் 3,289 ரகசியச் சொற்களை ஆராய்ந்தார்கள். 100-க்கு 86 எளிதில் சிக்கக்கூடியவை!

அதனால், பிறகு 2-வது பகுதியில் "எக்ஸ்" என்ற ஒரே எழுத்தை வைத்தார்கள். உருமாற்றிய சொல், 0 எண் அதிகாரி மட்டுமே படிக்கும் தனிப் பதிவேட்டுக்குப் போனது. லினக்ஸ் கம்ப்யூட்டர்களிலும் இதே முறைதான்.

தாம்சனின் சொல் பழைய பதிவேட்டில் தங்கிவிட்டது. அதைக் கண்டுபிடிக்க, இன்றைய வேகமான கம்ப்யூட்டருக்கே 4 நாளுக்கு மேல் ஆயிற்று. கண்டுபிடித்தவரைத் தாம்சனே பாராட்டினார்!

பதிவேடு இன்றும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. ரகசியம் மட்டும் அதில் இல்லை.