புகாரைத் தமிழிலேயே எழுதலாம்

பிழைக்க வந்த ஊரில் போலீஸார் அடித்தால், "பாஷை தெரியாத இடத்தில் யாரிடம் சொல்வது?" என்று நம்மவர் பலர் வாய்மூடி விடுகிறார்கள்.

1987 டிசம்பரில் ஒடிசாவில் போலீஸார் பிடித்துச் சென்ற 22 வயது வாலிபர் மறுநாள் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்தார். அவருடைய தாயார் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினார். கோர்ட் அதையே மனுவாக ஏற்று, 1993-ல் ரூ.1,50,000 நஷ்ட ஈடு வழங்க உத்தரவிட்டது.

இன்று டில்லியிலுள்ள தேசிய மனித உரிமைக் கமிஷனுக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம். கட்டணம் கிடையாது. ஆனால் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் அனுப்பிவிட வேண்டும்.

அடிபட்டவர் முதலில் அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் காட்டிச் சீட்டு வாங்க வேண்டும். தேதி, நேரம், ஸ்டேஷன், போலீஸ்காரரின் பெயர், பார்த்த சாட்சிகள் ஆகியவற்றை அன்றே குறித்து வைப்பது நல்லது. புகாரின் நகலையும் தபால் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.