நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்: ஆவணச் சொல்லும் குறியீடும்

முன்னுரை

நோயாளி கூறும் சொல், மருத்துவர் எழுதும் சொல், குறியீட்டாளர் இடும் எண் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடர்வன. முதலிரண்டில் நேரும் மயக்கம் மூன்றாவதில் புள்ளிவிவரமாக உறைந்துவிடுகிறது. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைக் கொண்டு இதனை இக்கட்டுரை விளக்குகிறது.

குறியீட்டு அமைப்பு

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 வகைப்பாட்டில் ஜே40 முதல் ஜே47 வரையிலானவை கீழ்ச் சுவாசப் பாதையின் நாள்பட்ட நோய்களுக்குரியன. ஜே43 எம்பைசிமா, ஜே45 ஆஸ்துமா, ஜே44 சிஓபிடி. கீழ்ச் சுவாசப் பாதையில் கடுந்தொற்று சேர்ந்திருப்பின் ஜே44.0, நோய் திடீரெனத் தீவிரமடைந்தது என்று மட்டும் குறிக்கப்பட்டிருப்பின் ஜே44.1, விவரம் ஏதுமில்லையெனில் ஜே44.9. மருத்துவர் 'சிஓபிடி' என்று மட்டும் எழுதினால், நோயாளி எத்துணை இடர்ப்பட்டிருப்பினும் ஜே44.9 அன்றி வேறு எண் இடுதற்கில்லை. மருந்துப் பட்டியலைக் கண்டு நோயை ஊகிப்பது குறியீட்டாளர் பணியன்று. 'பிராங்கைட்டிஸ்' என்று மட்டும் எழுதப்பட்டால் வயதே எண்ணை முடிவு செய்கிறது: 15 வயதுக்குட்பட்டோர்க்கு அது கடும் நோயாகக் கொள்ளப்பட்டு ஜே20-இல் சேரும், ஏனையோர்க்கு ஜே40.

சொல் மயக்கம்

தமிழில் இச்சிக்கல் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது. 'இழுப்பு' என்பது மூச்சிழுப்பையும் குறிக்கும், வலிப்பையும் குறிக்கும். முன்னதற்கு ஆர்06.2, பின்னதற்கு ஆர்56. 'இளைப்பு' என்பது மூச்சிரைப்பு, களைப்பு, உடல் மெலிவு ஆகிய மூன்றுக்கும் பொது. சிஓபிடி முற்றியவர் மூச்சிரைப்பதும் உண்டு, மெலிவதும் உண்டு. எனவே சூழலைக் கொண்டும் பொருளைத் தெளிதல் அரிது. நோயாளியின் சொல்லை அவ்வாறே மேற்கோளாக எழுதி, மருத்துவர் கொண்ட பொருளை அருகில் குறிப்பதே தக்கது. நோயின் பெயரையோ, மூச்சுக்குழாய் விரிப்பு மருந்துக்குப் பின் எடுக்கப்படும் ஸ்பைரோமெட்ரி சோதனை உறுதிசெய்யும். முதல் நொடியில் வெளியேறும் காற்றுக்கும் முழுமூச்சில் வெளியேறும் காற்றுக்கும் உள்ள விகிதம் 0.70-க்குக் குறைந்திருத்தல் வேண்டும். அவ்வெண் குறிப்பேட்டில் இல்லாதபோது ஆஸ்துமாவும் சிஓபிடியும் எளிதில் இடம்மாறும்.

இறப்புச் சான்று

மருத்துவமனை இறப்புகளுக்கான படிவம் 4-இல் நேரடிக் காரணத்தில் தொடங்கி அடிப்படைக் காரணம் வரை வரிசையாக எழுதுதல் வேண்டும். 'இதயமும் மூச்சும் நின்றன' என்பது இறப்பின் வருணனையே, காரணமன்று. மூச்சுச் செயலிழப்பு, நிமோனியா, சிஓபிடி என வரிசை அமையின் அடிப்படைக் காரணம் ஜே44.0 ஆகும். கடைசி வரி விடுபட்டால் அவ்விறப்பு நிமோனியாவின் கணக்கில் சேரும்.

புகையின் பதிவு

புகையிலைப் பயன்பாட்டுக்கு இசட்72.0 என்னும் துணைக் குறியீடு உண்டு. விறகடுப்பின் முன் நெடுங்காலம் சமைத்த பெண்ணுக்கும் இந்நோய் வரும். ஆனால் 'புகைப்பழக்கம்: இல்லை' என்ற வரியோடு அவரது வரலாறு முடிந்துவிடுகிறது. வினா தவறன்று, குறுகியது. அதன்கீழ் 'சமையல் எரிபொருள், பயன்படுத்திய ஆண்டுகள்' என்று மேலும் ஒரு வரி சேர்க்க இடமுண்டு.