மின்விசிறிக்குக் கீழே ஒரு சிடி பிளேயர்

கோவிலம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டின் ஹால் எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடி, வழுவழுப்பான டைல்ஸ் தரை, வண்ணம் அடித்த வெற்றுச் சுவர்கள், தலைக்கு மேலே ஓயாமல் சுற்றும் மின்விசிறி. சன்னலைத் திறந்தால் மேடவாக்கம் பிரதான சாலையின் ஹாரன் சத்தம். கூடவே மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தட வேலை கிளப்பிய தூசி. இந்த ஹாலில் உட்கார்ந்து ஒரு கச்சேரியை முழுசாக, நல்ல தரத்தில் கேட்க சிடி பிளேயர் வாங்கலாம் என்று ஒருவர் கிளம்பினால், முதலில் அவர் காதில் விழுவது உள்ளே இருக்கும் சிப்பின் பெயரும் பிட் கணக்கும்தான். அந்தக் கணக்கை வைத்துத் தேர்ந்தெடுப்பது தவறு என்பது என் முடிவு. சிடி பிளேயரைத் தகடு படிக்கும் எந்திரமாகப் பார்க்க வேண்டும். தகட்டைப் படிக்கும் உறுப்பு எத்தனை காலம் உழைக்கும், கெட்டால் மாற்று கிடைக்குமா என்பதைப் பார்த்து வாங்கிவிட்டு, மிச்சப் பணத்தை ஸ்பீக்கரிலும் அறையிலும் போடுவதே நல்ல இசைக்கு வழி.

தகட்டிலிருந்தே தொடங்குவோம். 12 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். அதில் இருப்பது ஒரே ஒரு சுருள் தடம். பழைய இசைத்தட்டில் முள் விளிம்பிலிருந்து உள்ளே வரும். இங்கே தடம் நடுவில் தொடங்கி விளிம்பை நோக்கி விரிகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான்தான். முழுத் தடத்தையும் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும், கோவிலம்பாக்கத்தில் பிடித்தால் மேடவாக்கத்தைத் தாண்டிவிடும். தடத்தில் உள்ள நுண்குழிகளின் மேல் 780 நானோமீட்டர் லேசர் ஒளி விழுந்து திரும்புகிறது. எந்த இடத்திலும் தடம் ஒரே வேகத்தில் ஒளியைக் கடக்க வேண்டும் என்பதால் நடுப்பகுதியில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்றாக ஓடும் தகடு, விளிம்புக்குப் போகப் போக 200 சுற்றாகக் குறைகிறது. சுழலும் தகடு லேசாக மேலும் கீழும் ஆடும், பக்கவாட்டிலும் விலகும். அந்த ஆட்டத்துக்கு ஈடாக, மெல்லிய கம்பிகளில் தொங்கும் ஒரு சின்ன லென்ஸ் நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை தன்னைத் திருத்திக்கொண்டு ஒரு மைக்ரான் அளவுக்குள் குறி தவறாமல் நிற்கிறது. மொத்தப் பெட்டியிலும் வியக்கத்தக்க வேலை இதுதான். தேய்ந்து சாகும் உறுப்பும் இதுதான்.

அந்த லென்ஸ் தடுமாறினாலும் பாட்டு உடனே கெடுவதில்லை. பிலிப்ஸும் சோனியும் 1980இல் வகுத்த தரத்தில் அதற்கு ஏற்பாடு இருக்கிறது. இசையின் 24 பைட்டுகளுக்கு 8 பைட்டுகள் பிழைதிருத்தத்துக்கு என்று கூடவே எழுதப்படுகின்றன. அடுத்தடுத்து வரும் தகவலைத் தள்ளித் தள்ளி வெவ்வேறு இடங்களில் விதைத்தும் வைக்கிறார்கள். அதனால் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தடம் அழிந்துபோனாலும் விட்டுப்போன எண்கள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் மீட்கலாம். அதற்கும் மேலே போனால்தான் பிளேயர் முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து ஊகம் செய்கிறது. ஊகமும் முடியாதபோது துள்ளல், மௌனம். ஆகவே நல்ல நிலையில் உள்ள ஒரு தகட்டை எளிய பிளேயரும் விலையுயர்ந்த பிளேயரும் படித்தால் இரண்டிலிருந்தும் வெளிவருவது அதே எண்கள். எண்கள் வரும் கால இடைவெளியில் உள்ள நடுக்கம் இசையைக் கெடுக்கும் என்று ஒரு வாதம் உண்டு. படித்த தகவல் முதலில் ஒரு நினைவகத்தில் சேர்ந்து, அங்கிருந்து குவார்ட்ஸ் கடிகாரத்தின் தாளத்துக்குத்தான் வெளியேறுகிறது. ஒழுங்காகச் செய்த கருவியில் மிஞ்சும் நடுக்கம் ஒரு நானோ நொடிக்குக் கீழே. இசை கேட்கும்போது அதை உணர, குறைந்தது பத்து இருபது நானோ நொடியாவது வேண்டும்.

இனி எண்களை மின்னலையாக மாற்றும் சிப். சோனியின் சிடிபி-101 ஜப்பானில் 1982 அக்டோபர் 1 அன்று கடைக்கு வந்தபோது இது கடினமான வேலையாகவே இருந்தது. பிலிப்ஸின் முதல் பிளேயரில் இருந்தது 14 பிட் சிப்தான். அதை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி 16 பிட்டுக்கு இணையாக இசைக்க வைத்தார்கள், அதாவது பிட் எண்ணிக்கை தரத்துக்கு அளவுகோல் ஆகாது என்பது முதல் தலைமுறையிலேயே தெரிந்துவிட்டது. இன்று சாதாரண சிப்பும் இந்த வேலையைக் காதால் குறை காண முடியாதபடி செய்துவிடுகிறது. 16 பிட்டில் மிகச் சன்னமான ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 96 டெசிபல் இடம் உண்டு. நம் ஹாலில் அதில் எவ்வளவு பயன்படும்? மின்விசிறி நடுவேகத்தில் ஓடினாலே 40 முதல் 50 டெசிபல் இரைச்சல். அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டாத அளவில் மிருதங்கம் உச்சத்துக்குப் போனால் 90, 95. நடுவே கிடைப்பது ஐம்பது டெசிபல் சொச்சம். தம்புராவின் கடைசி அதிர்வு அடங்குவதை விசிறி விழுங்கிவிடுகிறது. அந்த இரைச்சலுக்கும் வெகு கீழே, எண்பது தொண்ணூறு டெசிபல் ஆழத்தில் இரண்டு பிளேயர்களுக்குள்ள வேறுபாட்டுக்குப் பணம் கொடுப்பது, சென்னை வெயிலில் விசிறியை நிறுத்தாத ஒருவருக்கு எந்த வகையிலும் பயன் தராது. 1992இல் ‘ரோஜா’ வந்த காலத்தில் பெரும்பாலான வீடுகளில் கேசட்தான் ஓடியது. கேசட்டின் நாடா இரைச்சலிலிருந்து சிடிக்கு மாறியபோது யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அந்த வேறுபாடு காதுக்கே தெரிந்தது. சிடி பிளேயருக்கும் சிடி பிளேயருக்கும் இடையில் அப்படி ஒரு தாவல் கிடையாது.

“பயிற்சி பெற்ற காதுக்குத் தெரியுமே” என்பார்கள். இது தட்டிக்கழிக்கக் கூடாத மறுப்பு, சோதித்துப் பார்த்தும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மேயர், மோரன் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சிடியைவிட உயர்ந்த தரம் கொண்ட எஸ்ஏசிடி, டிவிடி ஆடியோ தகடுகளை நேரடியாகவும், நடுவில் சிடி தரத்துக்கு இறக்கியும், எது எது என்று சொல்லாமல் கேட்கவைத்தார்கள். 554 முறை கேட்டதில் சரியாகச் சொன்னது 276 முறை. காசு சுண்டிப் போட்டாலும் இதே விடைதான் வரும். அமைதியான அறையில் ஒலியை வழக்கத்தைவிட மிக உயர்த்தியபோது மட்டும் சிடியின் அடிநாத இரைச்சல் காதில் பட்டது. அந்த ஆய்வில் பயன்பட்ட சில தகடுகளின் மூலப்பதிவே உயர்தரம் அல்ல என்று பிறகு குறை சொன்னார்கள், அது நியாயமான குறைதான். அதனால் 2016இல் ஜோஷுவா ரீஸ் என்ற ஆய்வாளர் 18 ஆய்வுகளை, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்தார். சரியான விடை 52.3 சதவீதம், பயிற்சி பெற்றவர்களிடம் ஏறத்தாழ 60. ஆக, வேறுபாடு என்று ஒன்று இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது விசிறி இல்லாத, கவனமாக அமைத்த அறையில், பழகிய காதுக்கு எப்போதாவது எட்டும் வேறுபாடு. இதே பணத்துக்கு வேறு எங்கே எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

அப்படியானால் கடையில் விலை கூடிய பிளேயர் துலக்கமாகக் கேட்கிறதே, அது பொய்யா? கேட்டது உண்மை, காரணம்தான் வேறு. சிடி பிளேயர்கள் பொதுவாக 2 வோல்ட் வெளியீடு தருகின்றன. ஒரு கருவி 2.5 வோல்ட் கொடுத்தால் அது இரண்டு டெசிபலுக்குச் சற்றுக் குறைய உரத்து ஒலிக்கும். அந்த அளவு வேறுபாட்டை மனித மூளை “சத்தம் கூடியிருக்கிறது” என்று உணர்வதில்லை, “தெளிவு கூடியிருக்கிறது” என்று உணர்கிறது. ஒலியளவைச் சமன் செய்யாமல் எந்த இரண்டு கருவிகளையும் ஒப்பிடக் கூடாது. குழாய் வால்வு வைத்தவை, மேல் சுரங்களை வேண்டுமென்றே மழுக்குபவை என்று சில பிளேயர்கள் நிஜமாகவே வேறு மாதிரி ஒலிக்கும். அதை விரும்புவது ரசனை. பதிவில் உள்ளதை உள்ளபடி தருவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பணம் பேச வேண்டிய இடம் லென்ஸ். ரிப்பேர்க்காரர் “லென்ஸ் வீக் ஆயிடுச்சு” என்று சொல்வது லேசரும் சுருள்களும் சேர்ந்த முழுத் தலையைத்தான். பல நிறுவனங்கள் தம் பிளேயர்களில் சோனியின் கேஎஸ்எஸ்-213, சான்யோவின் எஸ்எஃப்-பி101என் போன்ற பொதுவான தலைகளையே வைத்தன. அவற்றுக்கும் அவற்றின் நகல்களுக்கும் வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவரை நடந்து தேடலாம். தனக்கென்று தனித் தலை செய்துகொண்ட அபூர்வ மாடலுக்கு அந்த வழி இல்லை. எல்லாத் தகடுகளையும் வாசிக்கும் உயர்தரக் கருவிகளுக்குப் பேர்போன ஓப்போ டிஜிட்டல் நிறுவனமே 2018இல் புதிய பிளேயர் செய்வதை நிறுத்திக்கொண்டது. ஜப்பானிலிருந்து வரும் பழைய பிளேயர்கள் அழகாகக் கட்டப்பட்டவை, ஆனால் அவை 100 வோல்ட்டுக்கு ஆனவை. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230 வோல்ட்டில் செருகினால் எரிந்துபோகும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பிளேயருக்கு அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய ஊர்களின் ஈரக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏசியில் குளிர்ந்த அறையின் சன்னலைத் திறந்த உடனே பிளேயரைப் போட்டால் லென்ஸில் பனி படர்ந்து தகட்டைப் படிக்க மறுக்கும், அரை மணி நேரம் விட்டால் சரியாகிவிடும். சூடாகும் ஆம்ப்ளிஃபயரின் மேல் பிளேயரை வைப்பது அதைவிடக் கெடுதல். உள்ளே உள்ள மின்தேக்கிகளின் ஆயுள் ஒவ்வொரு பத்து டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும்.

பரணில் கிடக்கும் டிவிடி பிளேயர் போதாதா என்று கேட்டால், பல நேரம் போதும். அதில் ஒரே ஒரு குறையைச் சோதிக்க வேண்டும். சில டிவிடி பிளேயர்கள் ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது கண நேரம் மௌனமாகிவிடும். சினிமாப் பாட்டில் அது தெரியாது. ராகம் தானம் பல்லவியில் தானம் முடிந்து பல்லவி எடுக்கும் இடத்தில் மூச்சை அறுத்ததுபோல் இருக்கும். இன்னும் அடிப்படையான மறுப்பு: எல்லாம் செல்போனில் வரும் காலத்தில் தகடு எதற்கு? தகட்டைக் கணினியில் இழப்பின்றிப் பிரதி எடுத்துக் கேட்பவருக்குப் பிளேயரே தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஒலி அதேதான். ஆனால் சார்சுர் வெளியிட்ட நேரடிக் கச்சேரிகள், ஆகாஷ்வாணி தன் காப்பகத்திலிருந்து கொண்டுவந்த பழைய பதிவுகள், புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவுடன் இளையராஜா பதிவு செய்து 2005இல் வெளியான ‘திருவாசகம்’ போன்றவை பல வீடுகளில் தகடாகவே இருக்கின்றன. சந்தா கட்டும் சேவையில் இன்று இருக்கும் பதிவு நாளை இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இருந்தாலும் அது ஒலியை உயர்த்தி நெரித்த மறுபதிப்பாக இருக்கலாம்.

ஸ்பீக்கருக்கு வருவோம். பிளேயர் சுரத்துக்குச் சுரம் அரை டெசிபல்கூட விலகாது. அதே இசை ஸ்பீக்கரிலிருந்து பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் வரும்போது சில சுரங்கள் பத்து டெசிபல் வீங்கும், சில அதே அளவு மெலியும். அறையின் நீள அகலத்தால் 47, 57 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகள் சுவருக்குச் சுவர் மோதித் தேங்குகின்றன. பேஸ் கிதாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். இளையராஜாவின் பேஸ் நடையில் சில சுரங்கள் மட்டும் குமுறுவதும் அடுத்தவை காணாமல் போவதும் இதனால்தான். எந்தச் சிப்பாலும் இதைத் திருத்த முடியாது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து, கேட்பவர் நாற்காலியைப் பின்சுவரை விட்டு நகர்த்தினால் பாதி தீரும். டைல்ஸ் மேல் தடித்த பவானி ஜமக்காளம் விரித்து, எதிர்ச்சுவரில் புத்தக அலமாரி வைத்து, கனமான திரை தொங்கவிட்டால் வயலினின் கூச்சம் அடங்கும். பட்ஜெட் பத்துப் பங்கு என்றால் பிளேயருக்கு இரண்டு பங்குக்கு மேல் கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

கடைக்குப் போகும்போது வீட்டிலிருந்து மூன்று தகடுகளை எடுத்துப் போகலாம். ஒன்று பல வருடங்களுக்கு முன் கணினியில் எழுதிய தகடு. அதன் சாயம் மங்கியிருக்கும், நல்ல தலைதான் அதைப் படிக்கும். ஒன்று கீறல் விழுந்த தகடு. மூன்றாவது, டிராக் டிராக்காகப் பிரித்த, ஆனால் இடைவெளியின்றி ஓடும் நேரடிக் கச்சேரி. கடைசி டிராக்குக்கு ஒரே தாவலில் போகச் சொல்லி, எத்தனை நொடியில் பிடிக்கிறது என்று எண்ண வேண்டும். பிறகு ஒலியை முழுக்கக் குறைத்து, பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்து, மோட்டார் முனகுகிறதா என்று கேட்க வேண்டும்.