'நாயுடு' குடும்பப் பெயரா? கோவையின் பெயர்ப்பலகைகள் சொல்லும் கதை

கோவை ஆர்.எஸ்.புரத்தில் 'ஆர்.எஸ்.' யார்? நகராட்சித் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார். அவர் வாங்கிய திவான் பகதூர் பட்டம்தான் டி.பி.ரோடு. ஊர்ப் பெயரில் ஆளும் இருக்கிறார், பட்டமும் இருக்கிறது. 'முதலியார்' மட்டும் இல்லை. பக்கத்திலேயே இருக்கும் லாலி ரோடு, மதராஸ் கவர்னராக இருந்த ஆர்தர் லாலியின் குடும்பப் பெயர். வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர், நம்மாளுக்கு இனிஷியல்!

எத்தனை நாயுடுகள்?

கோவையில் அதிகம் கேட்கும் பின்னொட்டு 'நாயுடு'. 1910இல் லட்சுமி மில்ஸைத் தொடங்கியவர் ஜி.குப்புசாமி நாயுடு. ஜி.கே.என்.எம். மருத்துவமனையில் உள்ள 'என்' இந்த நாயுடுதான். பி.எஸ்.ஜி. என்பது பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு, அவருடைய 4 மகன்கள் 1926இல் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 1920இல் பொள்ளாச்சி - பழனி பஸ் விட்டவர் ஜி.டி.நாயுடு. அவரோடு சேர்ந்து 1937இல் மின்மோட்டார் தயாரித்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு.

பெயர் ஒன்றுதான், குடும்பம் வேறு வேறு. காரணம், 'நாயுடு' சமூகத்தைக் குறிக்கும் பெயர். தெலுங்குக் குடும்பங்களில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். சந்திரபாபு நாயுடுவுக்கு அது 'நாரா', வெங்கையா நாயுடுவுக்கு 'முப்பவரபு'. ஆனா கடல் தாண்டிப் போன இடத்தில் கதை மாறியது. தென்னாப்பிரிக்காவில் 'நாய்டூ' என்பது அசல் குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது. காந்தியோடு சிறை சென்ற தம்பி நாய்டூ, மண்டேலா அமைச்சரவையில் இருந்த ஜே நாய்டூ இருவரும் அப்படித்தான் அறியப்பட்டார்கள்.

மேம்பாலச் சர்ச்சை

தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கும் முயற்சி 1970களின் இறுதியில், எம்.ஜி.ஆர். ஆட்சியிலேயே நடந்தது. 2025 அக்டோபரில் தமிழக அரசு மறுபடியும் அதற்கு அரசாணை போட்டது. அதே மாதம் 9ஆம் தேதி, அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. மேம்பாலம் 'ஜி.டி.நாயுடு' பெயரில் திறக்கப்பட்டது. "தெருவுக்கு ஒரு நியாயம், பாலத்துக்கு ஒரு நியாயமா?" என்று ஒரு தரப்பு கேட்டது. "வெறும் ஜி.டி. என்று எழுதினால் யாருக்குப் புரியும்?" என்றது மறுதரப்பு.

உங்களுக்கு என்ன?

சாதிப் பெயரை விட்ட தலைமுறைக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம்தான் சிக்கல். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா, விசிட் விசாவில் வருவோருக்கு அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

நம்மில் பலர் அந்தக் கட்டத்தில் அப்பா பெயரைத்தான் எழுதுகிறோம். அதனால் வெளிநாட்டு ஆபீஸில் உங்களைக் கூப்பிடுவது உங்க அப்பா பெயரில்! விண்ணப்பிக்கும்போது ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.