விதைக்குள்ளும் விழுந்த காயம்

மரத்தோடு மரமாக உழைக்கும் நமக்கு ஒரு சங்கதி நன்றாகவே தெரியும். கன்றின் நுனிக்கொழுந்து போய்விட்டால் அது நேராக உயராது. பக்கக் கிளைகள் விட்டுப் புதராகிவிடும். காற்று முறித்தாலும் மாடு கடித்தாலும் அப்படித்தான். ஆனால், யாரும் தொடாமலே ஒரு காட்டில் இளமரங்கள் புதராய்ப் போயின. ஏன் தெரியுமா?

1986 ஏப்ரல் 26-ஆம் தேதி, அன்றைய சோவியத் நாட்டில், இப்போதைய உக்ரைனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நாலாவது உலை வெடித்தது. பக்கத்திலேயே பைன் மரக்காடு. கதிரியக்கத் தூசி மரங்கள்மேல் படிந்தது. ஊசியிலைகள் செம்பழுப்பாகி மரங்கள் பட்டுப்போயின. 'செங்காடு' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. பட்ட மரங்களைச் சாய்த்து, குழிவெட்டிப் புதைத்து, மேலே மணலைப் போட்டார்கள். அதே இடத்தில் பிர்ச் மரங்கள் பல பிழைத்துக்கொண்டன. பைன் மரத்தின் உயிரணுவில் மரபுப்பொருள் மிக அதிகம். ஆகவே, அடியும் அதற்கே அதிகம்.

அதோடு தீர்ந்ததா? இல்லைங்க! மண்ணில் இறங்கிய சீசியம்-137 பாதியாகக் குறையவே சுமார் 30 ஆண்டு பிடிக்கும். அது வேர் வழியாக மறுபடி மரத்துக்குள் ஏறுகிறது. பிற்பாடு அங்கே வளர்ந்த இளம் பைன்கள் பலவற்றில் நடுத்தண்டே ஓங்கவில்லை. 2011-இல் ஜப்பானின் புகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிறகு, அங்குள்ள ஃபர் இளமரங்களிலும் இதே கோளாறு தெரிந்தது.

வெளியே தெரிவது இவ்வளவு. உள்ளே? செர்னோபில் தூசி விழுந்த ரஷ்யாவின் பிரியான்ஸ்க் வட்டாரத்தில் பைன் விதைகளை எடுத்து முளைக்கவைத்து, வேர்நுனியை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தூசி படாத காட்டு விதைகளைவிட இவற்றில் குரோமோசோம் கோளாறுகள் கூடுதல். விபத்து நடந்து இருபது ஆண்டு கழிந்தும் இந்த நிலை!

ஆனாலும் அந்த விதைகள் முளைக்கத்தான் செய்கின்றன. காடும் பச்சையாகத்தான் நிற்கிறது. அதைப் பார்த்து, "எல்லாம் சரியாப் போச்சு" என்று சொல்லிவிடலாமா? 1986-இல் அந்த வட்டாரத்து மக்கள் லட்சத்துக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். மரம் எங்கே போகும்? நின்ற இடத்திலேயே வாங்கிக்கொண்டு, தன் விதைக்கும் கொடுத்துவிட்டது.

தோழர்களே, கன்று நடும்போது இலையின் பச்சையை மட்டுமா பார்க்கிறோம்? விதை எந்த மரத்துது என்றுதானே முதலில் கேட்கிறோம்! அணு உலை ஆபத்தில்லை என்று யார் சொன்னாலும், அதே கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்: இன்றைக்குச் சரி, நாளைய விதைக்கு யார் பொறுப்பு?