வீட்டிலேயே இன்ஜின் ஓவர்ஹால்: ஸ்பேனருக்கு முன் மைக்ரோமீட்டர்

1985 ஜூலையில் வெளிவந்த நாட்டின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா. அதுவும் பின்னர் வந்த வீராவும் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்பாவின் பழைய காரில் 'டொக் டொக்' என்று கனமான சத்தம் வருகிறது, எண்ணெய் மிதிக்க மிதிக்க அந்தச் சத்தமும் வேகமாகிறது என்றால், பட்டறையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இன்ஜினையே மாத்திடு தம்பி, ஹாஃப்கட் போட்டுக்கலாம்."

அதில் தவறில்லை, வேலை சீக்கிரம் முடியும். ஆனால், இன்ஜின் எண் பொறிக்கப்பட்டிருப்பது பிளாக்கில். வேறு இன்ஜின் போட்டால் வாகனப் பரிசோதனைக்குப் போய், ஜே.பி.ஜே. பதிவையும் மாற்ற வேண்டும். வாங்கி வரும் பழைய இன்ஜினின் உட்புறம் எந்த நிலையில் இருக்கிறது என்பது பல வேளைகளில் விற்பவருக்கே தெரியாது. இருக்கும் பிளாக்கைச் சரிசெய்தால் இந்த இரண்டு தலைவலியும் இல்லை. எஸ்.பி.எம். முடித்துவிட்டு, வாகனத் துறையில் எஸ்.கே.எம். சான்றிதழுக்குப் படிக்கலாமா என்று யோசிக்கும் மாணவருக்கு, அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்பது நல்ல முன்னோட்டம்.

வால்வுகள் இருக்கும் ஹெட்டைத் தனியே எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் 'பாட்டம் எண்ட்' எனப்படும் கீழ்ப்பகுதி: பிளாக், பிஸ்டன்கள், கனெக்டிங் ராடுகள், கிராங்க் ஷாஃப்ட். கிராங்க், இரும்போடு இரும்பு உரசிச் சுற்றுவதில்லை. மெல்லிய ஓடுகள் போன்ற பேரிங்குகளுக்குள், எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி சுற்றுகிறது. அந்தப் படலத்திற்கான இடைவெளி பல சிறிய கார்களில் ஏறக்குறைய 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு! இடைவெளி கூடினால் எண்ணெய் அழுத்தம் விழுந்து சத்தம் வரும். குறைந்தால் பேரிங் சூடேறிக் கிராங்கைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால்தான் இந்த வேலையில் உடல் பலத்தைவிட அளவெடுப்பு பெரிது. பேரிங் தேய்ந்துவிட்டதே என்று புதியதை வாங்கி மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிராங்கே தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால் புதுப் பேரிங்கும் நெடுநாள் தாங்காது. ஒவ்வொரு ஜர்னலையும் மைக்ரோமீட்டரால் இரண்டு திசைகளில் அளந்து, அந்த இன்ஜினுக்குரிய பட்டறைக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். வரம்பு மீறியிருந்தால் கிராங்கை இன்ஜினியரிங் கடையில் கொடுத்துக் கடைந்து, அதற்கேற்ப 0.25 அல்லது 0.50 அண்டர்சைஸ் பேரிங் வாங்க வேண்டும். சிலிண்டரைப் போர் செய்வதும் அங்கேதான். இந்த இரண்டையும் வீட்டில் செய்ய முடியாது, முயலவும் வேண்டாம்.

கழற்றும்போதே கவனம் தேவை. ராடு கேப்பும் மெயின் கேப்பும் அந்தந்த இடத்திலேயே வைத்துத் துளையிடப்பட்டவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் துளை வட்டமாக இருக்காது. எண்ணும் திசையும் குறித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ராடு போல்ட்டின் மரை கிராங்கைக் கீறாமலிருக்க அதன்மேல் ஒரு துண்டு ரப்பர் குழாயை மாட்டுங்கள்.

பிறகு சுத்தம். கடையிலிருந்து வந்த பிளாக்கைச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவி, எண்ணெய் வழிகளையும் தேய்த்து, காற்றடித்து, உடனே எண்ணெய் பூச வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் துருப்பிடிக்க ஓர் இரவு போதும். வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் மிஞ்சிய மணல் துகள் ஒன்றே புதுப் பேரிங்கைக் கீறிவிடும்.

பொருத்தும்போது பிளாஸ்டிகேஜ் என்ற மெழுகு நூல் கைகொடுக்கும். ஜர்னலில் சிறு துண்டை வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மறுபடி கழற்றினால் நூல் நசுங்கியிருக்கும். எவ்வளவு அகலமாக நசுங்கியதோ அவ்வளவு குறைவு இடைவெளி. உறையிலுள்ள அளவோடு ஒப்பிட்டால் எண் தெரிந்துவிடும். அளவு சரியென்றால் நூலைத் துடைத்துவிட்டு, பேரிங்கில் தாராளமாக எண்ணெய் பூசி மூடலாம். ஒவ்வொரு கேப்பை இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். திடீரென்று கனத்தால், கடைசியாக இறுக்கிய கேப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். பயன்படுத்திய மசகு எண்ணெய் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி திட்டமிடப்பட்ட கழிவு. டப்பாவில் பிடித்து, அதைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் சாவியைத் திருப்பிக் கிளப்பிவிட வேண்டாம். பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் விட்டு விட்டுச் சுற்றவிடுங்கள். அதன் பிறகுதான் முதல் ஸ்டார்ட். முதல் எண்ணெய் மாற்றத்தைச் சீக்கிரமே செய்து, வடித்ததை வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிறிது மினுமினுப்பு ரிங் படியும்போது வருவது. செதில் செதிலாகத் தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, மறுபடி சம்பைக் கழற்ற வேண்டியதுதான்.