பாலத்தைச் சொந்தமாக்கிய சிறுமி

1939-ல் ஒரு கோடை இரவு. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடி. பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடுகிறார்கள். பக்கத்தில் சாப்பாடு, தர்பூசணி. விரிப்பில் எட்டு வயது கேஸியும் தம்பி பீ பீயும் மல்லாந்து கிடக்கிறார்கள். அதே படத்தின் மேல்பகுதியில் அதே கேஸி, விளக்குகள் மின்னும் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறாள்!

கறுப்பின ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட் 1988-ல் படைத்த ‘டார் பீச்’ ஓவியம் இது. தார் பூசிய மாடிதான் அந்தப் பிள்ளைகளின் கடற்கரை. கான்வாஸில் அக்ரிலிக் வண்ணம் தீட்டி, சுற்றிலும் துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த ‘குவில்ட்’ போர்வை. மேலும் கீழும் உள்ள பட்டைகளில் கேஸியே சொல்வதுபோல் கதை எழுதியிருக்கிறது. இப்போது நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஏன் போர்வை?

ரிங்கோல்ட் 1930-ல் ஹார்லெமில் பிறந்தவர். ஆஸ்துமாவால் பள்ளிக்குப் போக முடியாத நாட்களில் வீட்டிலிருந்தே படம் வரையப் பழகினார். அம்மா வில்லி போஸி ஆடை வடிவமைப்பாளர். அடிமையாக வாழ்ந்த முன்னோர் ஒருவர், எஜமானர் குடும்பத்துக்குப் போர்வை தைத்தவர். 1980-ல் தாயும் மகளும் சேர்ந்து முதல் குவில்ட்டைத் தைத்தார்கள். அந்தக் காலத்தில் தன் வாழ்க்கைக் கதையை வெளியிடப் பதிப்பகம் கிடைக்காமல் ரிங்கோல்ட் அலைந்தார். கடைசியில் கதைகளைப் போர்வையிலேயே எழுதத் தொடங்கினார். படம் போகும் இடமெல்லாம் எழுத்தும் கூடவே போனது.

ஐஸ்கிரீமும் சம்பளமும்

போர்வையில் உள்ள கதைப்படி, கேஸியின் அப்பா ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைக் கட்டிய தொழிலாளர்களில் ஒருவர். ஆனால், தொழிற்சங்கத்தில் அவருக்கு இடமில்லை. தாத்தா உறுப்பினராக இருந்ததில்லையாம்! தாத்தாவை மட்டும் யார் சேர்த்துக்கொண்டார்கள்? குளிர்காலத்தில் அப்பா வேலை தேடிப் போக, அம்மா அழுகிறார்.

எனவே கேஸி பறக்கிறாள். எதன் மேல் பறக்கிறாளோ, அது அவளுக்குச் சொந்தம். பாலம் தனக்கு, சங்கக் கட்டடம் அப்பாவுக்கு. இனி அம்மா காலையில் நிம்மதியாகத் தூங்கலாம். ஐஸ்கிரீம் தொழிற்சாலையையும் விட்டுவைக்கவில்லை, தினமும் வேண்டுமே! என்னையும் கூட்டிப்போகாவிட்டால் வீட்டில் சொல்லிவிடுவேன் என்று தம்பி மிரட்டுகிறான்.

அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் தோட்டங்களிலிருந்து பறந்து தாயகம் போனதாகக் கறுப்பின மக்களிடையே பழங்கதைகள் உண்டு. அந்தக் கதைகளின் பேத்திதான் கேஸி.

ஆனால், சிறுவர் நூல்களில் கேஸி போன்ற பிள்ளைகளைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. 1965-ல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் மூன்றாண்டுகளில் வெளியான 5,206 சிறுவர் நூல்களை ஆராய்ந்தார். அவற்றில் 349 நூல்களில்தான் ஒரு கறுப்பினப் பாத்திரமாவது தென்பட்டது. 1991-ல் ‘டார் பீச்’ படக்கதை நூலாக வந்து, மறு ஆண்டே சிறுவர் படநூல்களுக்கான ‘கால்டெகாட் ஹானர்’ சிறப்பைப் பெற்றது. 2024-ல் 93 வயதில் மறைந்த ரிங்கோல்ட், விடுபட்ட முகத்தை நூலுக்குள் சேர்த்ததோடு நிற்கவில்லை. வறுமையை வரைபவர்கள் குழந்தையை அழவைப்பார்கள். குதூகலத்தை வரைபவர்கள் வீட்டுக் கஷ்டத்தை மறைப்பார்கள். கேஸிக்கோ அப்பாவின் சம்பளமும் தெரியும், ஐஸ்கிரீமும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறாள். கறுப்பினக் குழந்தைக்கு நெடுங்காலம் ஓவியத்தில் மறுக்கப்பட்டது அந்த முழு மனசுதான்.